மெடினா முதல் டூலோஸ் வரை: ஒரு சரக்குக் கப்பலின் உருமாற்றம்

பழைய சரக்குக் கப்பல்களை வேறு பணிக்கு மாற்றியமைக்கும் கட்டமைப்புக் கலையைப் பற்றி எழுத, மொழியியல் பயின்ற நாம் துணிவது மிகை எனத் தோன்றலாம். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட கப்பல் இவ்வட்டார வாசகர்க்கு அயலானதன்று. நம் துறைமுகங்களுக்கு அது வந்து நின்ற நாள்களில், வரிசை பிடித்து ஏறிப் புத்தகம் வாங்கியோர் நம்மிடையே பலர் உளர். டூலோஸ் என்னும் அக்கப்பல் மாந்தரை ஏற்றுவதற்கெனக் கட்டப்பட்டதன்று.

டைட்டானிக் மூழ்கி ஈராண்டு கழிந்த 1914-இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்திலுள்ள நியூபோர்ட் நியூஸ் கட்டுத்துறையில், மாலரி நிறுவனத்திற்குரிய சரக்குக் கப்பலாக அது உருவாயிற்று. மெடினா என்பது முதற்பெயர். நீளம் ஏறத்தாழ 130 மீட்டர். அக்காலத்துக் கப்பல்களின் எஃகுத் தகடுகள் தறையாணிகளால், அதாவது பேச்சு வழக்கில் ரிவிட்டுகளால், பிணைக்கப்பட்டன. பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செலுத்தி அதன் முனையை நசுக்குவர். ஆறும்போது ஆணி சுருங்கித் தகடுகளை இறுகப் பற்றும். உழைப்பு மிகுந்த முறைதான். எனினும் ஒரு தகட்டில் எழும் விரிசல் பெரும்பாலும் அத்தகட்டின் விளிம்போடு நின்றுவிடும். பற்றவைப்பு முறையில் அந்த எல்லை இல்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பற்றவைத்துக் கட்டிய ஸ்கெனெக்டடி என்னும் எண்ணெய்க் கப்பல், 1943 சனவரியில் போர்ட்லாந்தில், அலையற்ற நீரில் கட்டுத்துறையருகே நின்ற நிலையிலேயே இரண்டாகப் பிளந்தது.

1948-இல் மெடினா கைம்மாறிப் பயணிகள் கப்பலாக்கப்பட்டது. கப்பலை மாற்றுவதென்றால் வலிமையைக் கூட்டுவது என்றே நாமும் முதலில் எண்ணியிருந்தோம். உண்மை வேறு. சரக்கு கனமானது, அடியறையில் கிடப்பது. மாந்தரோ இடத்தை மிகுதியாக அடைத்துக்கொண்டு எடையில் குறைந்தவர். அவர்களுக்குரிய அறைகள் மேன்மேல் அடுக்காக எழும்புவன. ஆகவே சரக்கைத் தாங்கிய கூட்டுக்கு மாந்தரின் எடை ஒரு பொருட்டன்று. அவ்வெடை இருக்கும் உயரமே இடர். ஈர்ப்பு மையம் மேலேறினால் ஒருபுறம் சாய்ந்த கப்பல் தயங்கித் தயங்கி நிமிரும். எல்லை கடந்தால் நிமிராது. அடித்தளத்தில் நிலையான பாரம் வைத்து மையத்தைக் கீழிறக்குவதே இதற்குரிய வழி.

சாளரமோ மற்றொரு சிக்கல். கடலில் கப்பல் என்பது ஒரு நெடிய விட்டம். அலைமுகடு நடுவில் வந்தால் அதன் முதுகு வளையும். முகடுகள் இரு முனைகளிலும் அமைந்தால் வயிறு தொங்கும். அந்த இழுவையையும் அழுத்தத்தையும் மேற்றளமும் அடித்தளமுமே மிகுதியாகத் தாங்குகின்றன. சரக்கறைக்குச் சாளரம் வேண்டியதில்லை, மாந்தர்க்கு வேண்டும். பக்கத் தகட்டில் வெட்டும் ஒவ்வொரு திறப்பும் விசையின் வழியை மறிக்கிறது. சதுர மூலையாயின் விசை அங்கே குவிந்து விரிசல் தொடங்கும். கப்பற் சாளரங்கள் வட்டமாகவும், திறப்புகளின் மூலைகள் உருண்டும் இருப்பதன் காரணம் அதுவே, அழகு பிற்பட்டது.

ரோமா என்னும் பெயரில் அது யாத்திரிகரையும், ஆஸ்திரேலியா நாடிய குடியேறிகளையும் சுமந்தது. பின்னர் இத்தாலிய நிறுவனமொன்றிடம் ஃபிராங்கா சி ஆயிற்று. நீராவிப் பொறி போய் டீசல் பொறி வந்தது. 1977-இல் ஜெர்மானியத் தொண்டமைப்பு ஒன்று வாங்கி, டூலோஸ் எனப் பெயரிட்டுப் புத்தகக் கப்பலாக்கியது. பெயர்களில் நமக்குள்ள பழைய பற்று இங்கே குறுக்கிடுவதைப் பொறுத்தருள்க. மெடினா அரபியில் நகரம். டூலோஸ் கிரேக்கத்தில் அடிமை, ஊழியன். பணி மாறுந்தோறும் பெயரும் மாறிற்று. மாறாதது கூடு மட்டுமே. புத்தகமோ கனத்த பண்டம். அடியறையில் அடுக்கிய நூற்கட்டுகளால் அக்கப்பல் மீண்டும் ஒருவாறு சரக்குக் கப்பலாயிற்று. நூறு நாடுகளுக்கு மேல் அது சென்றது.

2009 இறுதியில் சிங்கப்பூரில் நடந்த ஆய்வு அதன் கடற்பயணத்தை முடித்தது. பழுதுபார்க்க ஆகும் செலவு தாங்கக்கூடியதாயில்லை. பயணிகள் கப்பல்களில் எரியக்கூடிய பொருள்களைத் தடுக்கும் அனைத்துலக விதிகளும் 2010-இல் நடைமுறைக்கு வரவிருந்தன. அதன் வயதையொத்த கலங்களுள் மிகப் பல உடைகூடம் சென்றிருக்க, சிங்கப்பூர்த் தொழில்முனைவர் ஒருவர் இதை வாங்கினார். இன்று பிந்தான் தீவில், நங்கூர வடிவில் கடலை நிரப்பி எடுத்த நிலத்தின்மேல் அது விடுதியாக நிற்கிறது.

கடலை விட்டு ஏறியது நமக்குச் சிறு மனக்குறைதான். ஆயினும் உடைபட்டுப் பழைய இரும்பாய்ப் போவதினும் இது மேல். பொறியியல் நோக்கில் இதுவே மிகக் கடினமான மாற்றமும் ஆகும். நீர் கூட்டின் அடிப்பரப்பு முழுவதையும் ஒருசேரத் தாங்கும். நிலம் தாங்கும் இடங்களில் மட்டுமே தாங்கும். தாங்கு கட்டைகள் தகட்டின் வெற்றிடத்தில் படாமல் உள்விலாக்களுக்கும் குறுக்குச் சுவர்களுக்கும் நேர்கீழே அமைய வேண்டும். நிரப்பு மண் ஒருபுறம் அமிழ்ந்தால் அலையில் வளையாத முதுகு அங்கே வளையும். முதுகை வளைக்க இனி அலை இல்லை; உப்புக் காற்றும் துருவும் மட்டும் உண்டு.