லயத்துக் கோழிக்கும் காணி வேண்டும்

கழுத்தில் ஓர் இறகுகூட இல்லாத கோழியைப் பதுளைச் சந்தையிலோ பசறை வீதியோரத்திலோ முதன்முறையாகக் காண்பவர் அதனை நோயுற்ற பறவை என்றே கருதுவர். வான்கோழிக்கும் நாட்டுக்கோழிக்கும் பிறந்த கலப்பு என்று அடித்துச் சொல்வோரும் உளர். இரண்டுமே பிழையான எண்ணங்கள். வான்கோழியின் உயிரணுவில் 80 நிறமூர்த்தங்கள் உள்ளன. கோழியின் உயிரணுவில் 78. மொட்டைக் கழுத்துக் கோழி எவ்விதக் கலப்புமற்ற கோழியே. செய்தி சேகரிக்க ஊவாவின் தோட்டங்களுக்குச் சென்று வந்த ஆண்டுகளில் லயங்களின் பின்புறத்தில் இப்பறவையைப் பலமுறை கண்டிருக்கிறேன். பின்னாளில் இதன் வரலாற்றைத் தேடப் புகுந்தேன். அத்தேடல், இதனை வளர்த்த மக்களுக்குக் கூடு வைக்கவேனும் நிலம் இருந்ததா என்ற கேள்வியில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது.

முதலில் பறவையைப் பற்றிச் சில வார்த்தைகள். ஐரோப்பியர் இதனைத் திரான்சில்வேனியாவின் கோழி என்றே அறிவர். 1875ஆம் ஆண்டு வியன்னா நகரில் நடந்த கண்காட்சியில் இது வைக்கப்பட்டபோது பார்த்தவர்கள் வியந்தனர் என்பது பதிவாகியுள்ளது. எடின்பரோவிலுள்ள ரோஸ்லின் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 2011ஆம் ஆண்டில் இதன் காரணத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். கோழியின் மூன்றாவது நிறமூர்த்தத்தில் நேர்ந்த ஒரு மாற்றத்தால், இறகு முளைப்பதைத் தடுக்கும் புரதம் ஒன்று தோலில் மிகையாகச் சுரக்கிறது. கழுத்துத் தோலில் உயிர்ச்சத்து ஏ-யிலிருந்து உருவாகும் ஓர் அமிலமும் இயல்பாகவே இருப்பதால், அப்புரதத்தின் விளைவு அங்கே பன்மடங்காகிறது. எனவே கழுத்து மட்டும் மொட்டையாகிறது. மெக்சிக்கோ, பிரான்சு, ஹங்கேரி ஆகிய நாடுகளின் பறவைகளில் இதே மாற்றம் காணப்பட்டதால், இவையனைத்தும் ஒரே மூலத்திலிருந்து பரவியவை என்று அவ்வாய்வாளர்கள் கருதினர்.

வளர்ப்போருக்கு இதன் கணக்கு எளிது. இம்மரபணுவைத் தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ ஒருமுறை மட்டும் பெற்ற குஞ்சுக்குக் கழுத்தின் முன்புறம், அடிப்பகுதியில் ஒரு சிறு இறகுக் கொத்து இருக்கும். இருவரிடமிருந்தும் பெற்றதற்கு அதுவும் ஏறத்தாழ இராது. கொத்துள்ள சேவலைச் சாதாரணப் பேட்டுடன் சேர்த்தால் குஞ்சுகளில் சரிபாதி மொட்டைக் கழுத்துடன் பிறக்கும். கொத்துள்ள இரண்டைச் சேர்த்தால் நான்கில் மூன்று அவ்வாறு பிறக்கும். நான்கில் ஒன்று முழு இறகுடன் வரும். மொட்டைக் கழுத்துக் கோழி இட்ட முட்டையில் முழு இறகுக் குஞ்சு வந்ததென்றால், அடைவைக்கும்போது யாரோ முட்டையை மாற்றிவிட்டார்கள் என்று அயல்வீட்டாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

கழுத்தில் மட்டுமின்றி உடல் முழுவதிலுமே இக்கோழிக்கு இறகு குறைவு. ஒருமுறை மரபணுவைப் பெற்றதற்கு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கும், இருமுறை பெற்றதற்கு ஐந்தில் இரண்டு பங்கும் குறைகிறது. இதனால் உடற்சூடு எளிதில் வெளியேறுகிறது. வெப்ப நாடுகளில் மற்றக் கோழிகள் இளைத்துத் தீனி மறுக்கும் வேளையிலும் இது மேய்ந்து பருக்கிறது. கேரளத்தின் திருவனந்தபுரம் வட்டாரத்தில் இவ்வினம் நெடுங்காலமாக உண்டு. இந்தியாவின் இசத்நகரிலுள்ள மத்திய பறவை ஆய்வு நிலையம் வெப்பப் பகுதிகளுக்கான இறைச்சிக் கோழியை உருவாக்க இம்மரபணுவையே எடுத்துக்கொண்டது.

ஊவா மாகாணத்தின் நில அமைப்பை அறிந்தவர்களுக்கு இது மேலும் விளங்கும். ஹப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் விடியற்காலையில் போர்வையின்றி வெளியே வர இயலாது. ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரில் நண்பகல் வெயில் சுடும். அங்கிருந்து மஹியங்கனைக்கோ வெல்லவாயவுக்கோ இறங்கினால் வரண்ட வலயத்தின் வெப்பம் முகத்திலறையும். தாழ்நிலத்தில் மொட்டைக் கழுத்துக் கோழிக்குத் தனிக் கவனிப்பு வேண்டியதில்லை. உயரமான தோட்டங்களில் குஞ்சுகளைக் குளிரிலிருந்து காத்தாக வேண்டும். லயக் காம்பராவின் விறகடுப்போரம் கூடையைக் கவிழ்த்துக் குஞ்சுகளை வளர்த்த பெண்களை நமுனுகுலை மலைச்சரிவில் நான் கண்டிருக்கிறேன். இறகு குறைவாதலால் அறுத்த பின் சுத்தம் செய்வது எளிது என்பதையும் அவர்களே எனக்குச் சொன்னார்கள்.

மலைநாட்டுக்குக் கோழி புதிதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், பன்றியும் கோழியும் வளர்த்துத் தம் வாழ்வை நடத்தியதை 1681இல் வெளியான நூலில் எழுதியிருக்கிறார். அரசனின் கைதிக்கும் கோழி வளர்க்க ஒரு முற்றம் கிடைத்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். அடுத்து வந்தவர்களுக்கு அது எளிதில் கிடைக்கவில்லை.

1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியத் தமிழர் அழைத்துவரப்பட்டனர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது அவர்கள் பருவகாலத் தொழிலாளர் என்ற நிலையிலிருந்து நிரந்தரமாக வாழ்வோராயினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராக்கள் வரிசையாக அமைந்த லயமே அவர்களது வீடு. சுவர், கூரை, முற்றம், வாய்க்கால் அனைத்தும் தோட்டத்துக்குச் சொந்தம். வேலை நின்றால் காம்பராவும் போயிற்று. வெளியாள் லயத்துக்குள் நுழைவதும் அத்துமீறலாகக் கருதப்பட்ட காலம் அது. தொழிற்சங்கத்தவர் வழக்குகளைச் சந்தித்தது இதனாலேயே.

கால்நடைகளுக்கும் இவ்வதிகாரத்தின் கீழேயே இடம் வகுக்கப்பட்டது. மாட்டெரு கோப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டியிருந்ததால் மாட்டைத் துரைமார் பொறுத்துக்கொண்டனர். இளங்கொழுந்தைக் கடிக்கும் ஆட்டை அவர்கள் விரும்பவில்லை. கோழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எருவுக்கு உதவாது, கொழுந்தைத் தொடாது. ஆனால் மண்ணைக் கிளறும். காய்கறிப் பாத்தியைச் சிதைக்கும். சுகாதாரம் பற்றிய புகாருக்கு இடமளிக்கும். ஆகவே லயத்துக் கோழி உரிமையாக வளர்ந்ததன்று. கண்டும் காணாமல் விடப்பட்டதால் வளர்ந்தது.

அவ்வாறு விடப்பட்டதன் பயனைப் பெரும்பாலும் பெண்களே பெற்றனர். கொழுந்துக்கூலி செக்ரோலில் ஏறும்; அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழிக்கப்பட்டு மிச்சம் கைக்கு வரும். அந்த மிச்சத்தையும் பல வீடுகளில் ஆண்களே வாங்கினர். முட்டைக் காசு எந்தப் பேரேட்டிலும் ஏறாது. பிள்ளையின் கொப்பிக்கும், திடீரென வந்த காய்ச்சலுக்கும், ஊரிலிருந்து வந்த உறவினருக்குச் சோறு போடவும் அதுவே கைகொடுத்தது. கோழி வாங்க வசதியில்லாதவர் அயலாரின் பேட்டை வாரத்துக்கு எடுத்து, இருபத்தொரு நாள் அடைகாக்க வைத்து, பொரித்த குஞ்சுகளில் பாதியைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தையும் தோட்டங்களில் கேட்டறிந்தேன். முனியாண்டிக்கும், தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரங்களைக் காக்கும் ரோதை முனிக்கும் நேர்ந்துவிட்ட சேவலும் இதே கூட்டிலிருந்தே புறப்பட்டது.

லயத்தின் அமைப்பே கோழிக்கு எமனானதும் உண்டு. 1926இல் சாவகத்திலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அறியப்பட்டு, மறு ஆண்டில் இந்தியாவின் மலைநகரான இராணிக்கேத்தின் பெயரைப் பெற்ற கொள்ளைநோய், தென்னாசியக் கோழி வளர்ப்போரின் முதற்பகை. கிராமத்தில் ஒரு வீட்டுக்கும் மறுவீட்டுக்கும் இடையே தோட்டமும் வேலியும் உண்டு. லயத்தில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் கோழிகள் ஒரே வாய்க்காலில் நீர் குடித்து ஒரே முற்றத்தில் மேய்கின்றன. ஒன்று சுருண்டு விழுந்தால் ஒரு கிழமைக்குள் லயமே வெறிச்சோடிவிடும். தடுப்பூசி வந்த பின்னரும் அரச சேவைகள் கிராமத்தை நாடிய அளவு தோட்டத்தை நாடவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் பணம் செலவிடத் தடையாயிருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டது 2018இல்தான்.

நாட்டின் அரசியல் திருப்பங்களும் கோழிக்கூட்டைத் தொடாமல் விடவில்லை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. 1973, 74ஆம் ஆண்டுகளில் உணவுப் பஞ்சம் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. அக்காலத்தைக் கடந்து வந்த முதியோர் பலர், முதலில் கோழியையும் பின்னர் பித்தளைப் பாத்திரங்களையும் விற்றதாகவே எனக்குச் சொன்னார்கள். பதுளையிலிருந்தும் பண்டாரவளையிலிருந்தும் தாயகம் திரும்பியோரை ஏற்றிச் சென்ற புகைவண்டியை மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றனர். தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் தட்டுமுட்டுச் சாமான்களைக் கொண்டு செல்லலாம். கோழியை அயல் காம்பராவில் விட்டுத்தான் போகவேண்டும். 1983 யூலையில் பதுளை நகரம் தீக்கிரையானபோது ஓடியவர்களுக்கு விட்டுச் செல்வதற்கும் நேரம் இருக்கவில்லை.

1977க்குப் பின் பண்ணைக் கோழி நாடெங்கும் பரவியது. ஆண்டுக்கு முந்நூறு முட்டையிடும் கலப்பினத்தின் முன், ஐம்பது அறுபது இட்டு அடைக்கு அமரும் நாட்டுக்கோழி கணக்கில் தோற்றது உண்மையே. ஆனால் அந்த முந்நூறு முட்டையும் சோளத் தீவனத்திலிருந்து வருபவை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணியும் தீர்ந்தபோது, சோள விளைச்சலுக்குப் பேர்பெற்ற பதுளை, மொனராகலை மாவட்டங்களும் தப்பவில்லை. தீவனமின்றிப் பண்ணைகள் மூடப்பட்டன. முட்டை ஒன்றின் விலை ஐம்பது ரூபாவைத் தாண்டியது. 2023இல் அரசு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்ய நேர்ந்தது. கழிவுச் சோற்றையும் கரையானையும் கிளறித் தின்னும் கோழிக்கு டொலர் தேவைப்படவில்லை.

இதனைப் பழமை மீதான பற்றினால் எழுதுவதாக எவரும் எண்ண வேண்டாம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் அது நூற்றுக்கு 32. ஒவ்வொரு வீட்டிலும் நான்கு கோழிகள் இருந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும் என நான் சொல்லவில்லை. ஆனால் தாயின் கையிலேயே இருக்கும் ஒரு முட்டை, கடையில் விலைகேட்டுத் திரும்பும் முட்டையைவிடப் பிள்ளையின் தட்டுக்கு அருகில் இருக்கிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்த பின்னர், தனிவீடும் ஏழு பேர்ச் காணியும் என்ற கோரிக்கைக்கு வலுக் கூடியது. அதன்படி வீடுகள் கட்டப்பட்டும் வருகின்றன. ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீடு, கழிப்பறை, பாதை போக மிஞ்சுவதில் ஒரு கூடும் நான்கைந்து கோழிகளும் தாராளமாக அமையும். அயல் வீட்டிலிருந்து சற்றே விலகிய கூடு என்பதால் நோய் பரவும் வேகமும் குறையும். தோட்டத்து மக்களின் வரலாற்றில் எவரையும் கேளாமல் கோழி வளர்க்கக்கூடிய முதல் தலைமுறை இவ்வீடுகளில் வாழ்கிறது. அந்த எண்ணிக்கை இன்னும் சிறிது. பெரும்பாலோர் லயத்திலேயே இருக்கின்றனர்.

பிரான்சில் திறந்தவெளியில் மேய்த்து வளர்க்கப்பட்டு, தர முத்திரையுடன் கூடிய விலைக்கு விற்கப்படும் கோழிகளில் பல மொட்டைக் கழுத்தினவே. லாந்து பிரதேசத்தின் கோழிகள் 1965 முதல் இம்முத்திரையைப் பெறுகின்றன. அங்கே பெருமையாயிருப்பது இங்கே நோயென்று நினைக்கப்படுகிறது. பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமும் அதில் விலங்கு விஞ்ஞானக் கல்வியும் உள்ளன. பேராதனையிலும் உள்ளூர்க் கோழிகளின் மரபுவளம் பற்றிய ஆய்வுகள் நடந்துள்ளன. இவர்கள் கிராமங்களோடு நிற்காமல் லயங்களுக்கும் வந்து, எஞ்சியுள்ள கோழிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கால்நடை வைத்தியரின் தடுப்பூசி தோட்டத்தின் கடைசி லயம் வரை போகவேண்டும்.

தோட்டங்களில் வாழும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். வீட்டில் மொட்டைக் கழுத்துச் சேவல் ஒன்று இருக்குமாயின் அதனை அவலட்சணம் என்று முதலில் அறுத்துவிடாதீர்கள். சந்ததிக்கு விட்டு, அடுத்த ஈட்டில் எத்தனை குஞ்சு மொட்டையாக வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். புலம்பெயர்ந்து வாழ்வோர் ஊரிலுள்ள உறவினருக்குப் பணம் அனுப்பும்போது, ஒரு கூட்டுக்கும் இரண்டு பேட்டுக்கும் சேர்த்து அனுப்பலாம். காணி உறுதி கைக்கு வந்துவிட்டதா என்பதையும் அப்படியே விசாரியுங்கள்.