நூலகப் பேழைகளில் சித்திரக்கதைகள்: சிறார்க்கான தேர்வு நெறி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

படங்களால் கதை கூறும் நூல்கள் இந்தியப் பள்ளி நூலகங்களுள் நுழைந்தமைக்கு, அவை பாடம் கற்பிக்கத் துணைபுரியும் என்ற வாதமே பெரிதும் காரணமாயிற்று. அவ்வாதத்தால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், நூலைத் தெரிவுசெய்வோரின் பார்வையை அது படத்திலிருந்து விலக்கிச் சொல்லின்மீதே நிறுத்திவிட்டது. இதனை இக்கட்டுரை ஆராய்கின்றது. இதழ்களில் தொடராக வந்தவற்றைப் 'படக்கதை' என்றும், தனி நூலாக வெளிவரும் நெடுங்கதைகளை அண்மைக்காலமாக 'வரைகதை' என்றும் தமிழில் வழங்குவர். இரண்டையும் அடக்கும் சொல்லாகச் 'சித்திரக்கதை' இங்கு ஆளப்படுகின்றது.

1967 இல் தொலைக்காட்சி வினாடி வினா நிகழ்ச்சியொன்றில் கிரேக்கத் தொன்மம் குறித்த வினாவுக்கு விடையளித்த மாணவர்கள், இராமனின் தாய் பெயரை அறியாதிருந்தனர். அதுவே தம்மைத் தூண்டியது என்று அனந்த் பை கூறிவந்தார். அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு மும்பையின் இந்தியா புக் ஹவுஸ் வெளியிட்ட அமர் சித்திரக் கதை வரிசை தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் பரவியது. கண்ணகியும் சுப்பிரமணிய பாரதியும் அவ்வரிசையில் இடம்பெற்றனர். தொடக்கத்தில் பள்ளிகள் இவற்றை ஐயத்துடனேயே நோக்கின. அவ்வையத்தைப் போக்கும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கது, பள்ளிக்கல்வியில் சித்திரக்கதையின் பங்கு பற்றி 1978 இல் தில்லியில் நடத்தப்பட்ட கருத்தரங்காகும். பாடநூல்வழிக் கற்றோரையும் சித்திரக்கதைவழிக் கற்றோரையும் ஒப்பிட்ட சோதனையும் அதனையொட்டி நிகழ்ந்தது. நினைவிற் பதிதல் என்பதே அங்கு அளவுகோலாயிற்று. எது பதிகிறது என்ற வினா பின்தள்ளப்பட்டது.

அவ்வினாவைப் பின்னர் ஆய்வாளர்கள் எழுப்பினர். நந்தினி சந்திரா (2008), கார்லைன் மெக்லெய்ன் (2009) ஆகியோரின் நூல்கள் இவ்வகையில் இன்றியமையாதவை. தேவரும் அரசரும் வெளிர்நிறத்தராகவும் அரக்கர் கருநிறத்தராகவும் வரையப்பட்டமை பலராலும் சுட்டப்பட்டுள்ளது. வால்மீகி பற்றிய இதழ் அவரைக் கள்வராகத் தொடங்கிக் காட்டியதால், பஞ்சாபில் அவர் பெயரால் அழைக்கப்படும் சமூகத்தாரிடையே எதிர்ப்பு எழுந்தது. தம் முன்னோராகப் போற்றும் ஒருவரைக் குழந்தை எவ்வுருவில் காண்கிறது என்பது அவர்களுக்குச் சிறு செய்தியன்று.

அம்பேத்கரைப் பற்றிய இரு நூல்களை அருகருகே வைத்து நோக்கின் இது மேலும் தெளிவாகும். அமர் சித்திரக் கதையின் 'பாபாசாகேப் அம்பேத்கர்' 1979 இல் வெளிவந்தது. நவயானா பதிப்பகத்தின் 'பீமாயணா' 2011 இல் வெளிவந்தது. அதன் சொற்பகுதியை ஸ்ரீவித்யா நடராஜனும் எஸ். ஆனந்தும் எழுத, மத்தியப் பிரதேசத்துப் பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தனர். தீண்டாமையால் அவர் இளமையில் உற்ற இழிவுகளை இரண்டுமே கூறுகின்றன. சொல்லை மட்டும் படிக்கும் தேர்வாளர்க்கு, ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்று தோன்றக்கூடும். முதலாவது, வழக்கமான கட்டங்களுள் அடங்கிய வீரர் வரலாறு. இரண்டாவதில் கட்டங்களே இல்லை. பாத்திரங்களைக் கட்டத்துள் அடைக்க ஓவியர்கள் விரும்பவில்லை. கோண்டு இல்லங்களின் சுவரிலும் தரையிலும் வரையப்படும் திக்னா என்னும் கோலமே பக்கத்தைப் பகுக்கிறது. மென்சொல் பறவை வடிவில் அமைகிறது. சாதியின் வன்சொல்லுக்குத் தேள்கொடுக்கு முளைக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தைகூட, பொருள் விளங்குமுன்பே அச்சொல் கொட்டுவதைக் கண்டுகொள்ளும். இத்தகைய நூலைப் படத்தை விடுத்து மதிப்பிட இயலாது.

இந்நூலில் அண்மைக்காலச் சாதிக் கொடுமைகள் பற்றிய நாளிதழ்ச் செய்திகளும் இடம்பெறுவதால், எவ்வயதினர்க்கு உரியது என்ற வினா எழுதல் இயல்பே. உயர்நிலை வகுப்பினர் ஆசிரியர் துணையுடன் படித்தற்குரியது எனல் பொருந்தும். ஆனால் புராணப் போர்க்காட்சிகளின் குருதி குறித்து இதே வினா அவ்வளவு எளிதில் எழுவதில்லை என்பதும் நோக்கத்தக்கது.

தேர்வு என்பது சுவையை மட்டும் சார்ந்ததன்று. நருமதை அணைச் சிக்கலைப் பேசும் ஒரிஜித் சென்னின் 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' 1994 இல் கல்பவிருட்சம் அமைப்பால் வெளியிடப்பட்டது. நெடுங்காலம் கிடைத்தற்கரியதாய் இருந்து, 2022 இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகத்தால் மறுபதிப்புப் பெற்றது. அச்சில் இல்லாததை எந்நூலகமும் வாங்கவியலாது. 2018 இல் தொடங்கிய சமக்ர சிக்சா திட்டம் அரசுப் பள்ளி நூலகத்திற்கு ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை வழங்க வகைசெய்தது. இத்தொகைக்குள் வண்ணப்பட நூல் ஒன்றின் விலை பல பாடத்துணை நூல்களின் விலையோடு போட்டியிட வேண்டியுள்ளது.

வாங்கிய பின்னரும் ஓர் இடர் உண்டு. டியூவி பகுப்பு முறையில் சித்திரக்கதைகளுக்குரிய எண் 741.5. அவ்வெண்ணை அப்படியே பின்பற்றினால், பீமாயணா கேலிச்சித்திரத் தொகுப்புகளின் அருகே சென்றமையும்; அம்பேத்கரைத் தேடி வாழ்க்கை வரலாற்றுப் பேழைக்கு வரும் மாணவர் கண்ணில் அது படாது. உள்ளடக்கம் நோக்கி வரலாற்றுப் பேழையிலும் ஒரு படியை வைத்தலோ, பட்டியலில் இணைப்புப் பதிவு தருதலோ நூலகர்க்குக் கடினமான பணியன்று.