ஓதக் கலப்பு

ஓதக் கலப்பு என்பது, நிலவு, கதிரவன் ஆகியவற்றின் ஈர்ப்பினால் கடலில் உண்டாகும் ஓதங்கள், வெவ்வேறு வெப்பநிலையும் உவர்ப்பும் கொண்ட நீர்ப்படைகளை ஒன்றுடன் ஒன்று கலக்கச் செய்யும் நிகழ்வு ஆகும். காற்று கடலை மேற்பரப்பிலிருந்து கலக்குகிறது. ஓதம் பெரும்பாலும் கடலின் அடித்தளத்திலிருந்தும் ஆழத்திலிருந்தும் கலக்குகிறது. இக்கலப்பினால் மேற்பரப்பின் வெப்பம் கீழ்நோக்கியும், ஆழத்திலுள்ள உப்பும் ஊட்டப்பொருட்களும் மேல்நோக்கியும் செல்கின்றன. வங்காள விரிகுடாவின் மேல்படை நீரின் தன்மையையும், சென்னையின் தென்புறநகர்களான தாம்பரம், பள்ளிக்கரணை முதலிய இடங்களின் நீர் வடியும் கழிமுகங்களையும் புரிந்துகொள்ள இந்நிகழ்வு உதவுகிறது.

பின்னணி

சென்னைக் கடற்கரையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் பெருகி, இருமுறை வற்றுகிறது. அடுத்தடுத்த இரு பெருக்குகளுக்கு இடைப்பட்ட காலம் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடங்கள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி நிலவும் கதிரவனும் ஒரே நேர்கோட்டில் ஈர்ப்பதால் ஏற்ற இறக்கம் மிகுதியாக இருக்கும். அரைநிலவு நாட்களை ஒட்டி அது குறைந்திருக்கும். சென்னையில் மிகுதியான நாட்களிலும் இவ்வேறுபாடு சுமார் 1 மீட்டர் அளவே. குசராத்தின் காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டர் அளவை எட்டுகிறது.

கலப்பு நிகழும் முறைகள்

அடித்தள உராய்வு: ஆழம் குறைந்த கடல்களில் ஓத நீரோட்டம் தரையுடன் உராய்ந்து கொந்தளிப்பை உண்டாக்குகிறது. இதற்குக் கிடைக்கும் ஆற்றல் நீரோட்ட வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது வேகம் இருமடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும். ஓதம் வலுவான இடங்களில் நீர் அடி முதல் மேல் வரை ஒரே சீராகக் கலந்துவிடும். இத்தகைய பகுதிக்கும் படைபடையாக நிற்கும் நீருக்கும் இடைப்பட்ட எல்லை எங்கு அமையும் என்பதை, ஐரியக் கடலை எடுத்துக்காட்டாகக் கொண்டு சிம்ப்சன், அண்டர் ஆகியோர் 1974 ஆம் ஆண்டில் விளக்கினர்.

உள்ளலைகள்: ஆழ்கடலில் ஓத நீரோட்டம் கடலடி மலைத்தொடர்களின் மீது ஏறி இறங்கும்போது, அடர்த்தி வேறுபட்ட நீர்ப்படைகளின் இடையே அலைகள் எழுகின்றன. இவை கடலின் உள்ளே பயணம் செய்து, உடையும் இடத்தில் நீரைக் கலக்கின்றன. உலகக் கடல்களில் ஓதங்கள் இழக்கும் ஆற்றல் சுமார் 3.5 டெராவாட் ஆகும். இதில் ஏறத்தாழ 1 டெராவாட் ஆழ்கடலில் இழக்கப்படுகிறது என்பதைச் செயற்கைக்கோள் அளவீடுகளைக் கொண்டு எக்பர்ட், ரே ஆகியோர் 2000 ஆம் ஆண்டில் காட்டினர்.

வங்காள விரிகுடாவும் அந்தமான் கடலும்

கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருட்டிணா ஆகிய ஆறுகளின் நீரும் பருவமழையும் சேர்வதால் வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில், சிறப்பாக அதன் வடபகுதியில், உவர்ப்புக் குறைந்த மெல்லிய நீர்ப்படை மிதக்கிறது. இலேசான இப்படை கீழுள்ள உவர்நீருடன் எளிதில் கலப்பதில்லை. இதனால் இரு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, ஊட்டப்பொருட்கள் மேலே வருவது தடைப்பட்டு, அரபிக்கடலை விட இங்கு மிதவை உயிரிகளின் வளர்ச்சி குறைகிறது. இரண்டாவதாக, புயல் வீசும்போது ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே வருவது குறைவதால், மேற்பரப்பு வெப்பம் நீடித்துப் புயலுக்கு ஆற்றல் அளிக்கிறது.

ஆறுகள் ஆண்டுதோறும் நன்னீரைக் கொண்டுவந்தும் விரிகுடாவின் உவர்ப்பு தொடர்ந்து குறைந்துகொண்டே போவதில்லை. தெற்கிலிருந்து வரும் உவர்நீரும், அதனை மேலே கொணரும் கலப்பும் இதற்குக் காரணம். இக்கலப்பில் காற்றுடன் ஓதத்துக்கும் பங்கு உண்டு. அந்தமான் நிக்கோபார் தீவுகளை ஒட்டிய கடலடி மேடுகளில் எழும் உள்ளலைகள் உலகின் மிகப்பெரிய உள்ளலைகளுள் அடங்கும். அந்தமான் கடலில் ஏறத்தாழ 60 மீட்டர் வீச்சுள்ள உள்ளலைகளை ஆசுபோர்ன், பர்ச் ஆகியோர் 1980 ஆம் ஆண்டில் சயன்சு இதழில் விவரித்தனர். இவை கடந்து செல்லும்போது மேற்பரப்பில் சலசலக்கும் நீண்ட பட்டைகள் தென்படும்.

சென்னையின் தென்புறநகர்க் கழிமுகங்கள்

கழிமுகங்களில் ஓதக் கலப்பைக் கரையிலிருந்தே காணலாம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பகுதியின் வெள்ளநீர் அடையாறு வழியாகப் பட்டினப்பாக்கம் அருகே கடலை அடைகிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் ஆகியவற்றின் வழியே சென்று முட்டுக்காடு, கோவளம் அருகே கடலில் கலக்கிறது. இச்சதுப்புநிலம் 2022 ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பெருக்கின்போது அடர்த்தி மிகுந்த கடல்நீர் அடிப்பகுதியில் உள்ளே நுழைகிறது. இலேசான ஆற்றுநீர் அதன்மேல் வெளியேறுகிறது. ஓதம் வலுக்கும் நாட்களில் இரண்டும் நன்கு கலக்கின்றன. சென்னையில் ஓதத்தின் அளவு சிறியது என்பதால், முகத்துவாரம் திறந்திருப்பது இன்றியமையாதது. வறண்ட மாதங்களில் கரையோரமாக நகரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிட்டால் கடல்நீர் உள்ளே வருவது நின்றுவிடும். தேங்கிய கழிவுநீரில் உயிர்வளி குறைந்து மீன்கள் மடியக்கூடும்.

வெள்ளக் காலத்தில் ஓதம் வேறொரு வகையிலும் முக்கியத்துவம் பெறுகிறது. கடல் பெருகியிருக்கும் மணிநேரங்களில் ஆற்றுநீர் வடிவது மெதுவாகிறது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவாகியது, முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகள் மூழ்கின. இத்தகைய வேளைகளில் முகத்துவார மணலை முன்கூட்டியே அகற்றியிருப்பது நீர் விரைவாக வடிய உதவும்.

ஆய்வுகள்

தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதன் வளாகம் வேளச்சேரி - தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் உள்ளது. இந்நிறுவனம் இந்தியாவைச் சூழ்ந்த கடல்களில் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுவிப் பேணுகிறது. இவற்றுள் ஒரு வகை மிதவைகள், மேற்பரப்பிலிருந்து 500 மீட்டர் ஆழம் வரை வெப்பநிலையையும் உவர்ப்பையும் அளக்கின்றன. சுமார் 12 மணிநேரத்துக்கு ஒருமுறை வெப்பநிலைப் படைகள் மேலும் கீழும் அசைவது இத்தகைய தரவுகளில் தெரிந்தால், அது ஓதத்தினால் எழும் உள்ளலையின் அடையாளமாகும்.

நிலவின் சுற்றுப்பாதைத் தளம் 18.6 ஆண்டுகளுக்கு ஒருமுறை முழுச்சுழற்சி அடைவதால் ஓதங்களின் வலுவும் சிறிதளவு மாறுகிறது. இதனால் ஆழங்குறைந்த கடல்களில் கலப்பும், மேற்பரப்பு வெப்பநிலையும் இதே கால அளவில் மாறக்கூடும் என்று உலோடர், காரெட் ஆகியோர் 1978 ஆம் ஆண்டில் முன்வைத்தனர். ஆழ்கடலைத் தொடர்ந்து கலப்பதற்குச் சுமார் 2 டெராவாட் ஆற்றல் தேவை என்றும், அதில் ஏறத்தாழ பாதியை ஓதங்கள் அளிக்கக்கூடும் என்றும் மங்க், வுன்ச் ஆகியோர் 1998 ஆம் ஆண்டில் மதிப்பிட்டனர்.