எண் இல்லாத கட்டடங்கள்

கடாரம் என்றதும் மாணவர்கள் இராஜேந்திர சோழனைத்தான் எழுதுவார்கள். 1025ஆம் ஆண்டு வாக்கில் நடந்த கடற்படையெடுப்பு, வெற்றி, பட்டம். மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். அதே கடாரத்து மண்ணில் 2013இல் நடந்ததை எத்தனை பேர் எழுதுவீர்கள்?

மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கில், குவாரிட்ச் வேல்ஸ் என்ற ஆங்கிலேய ஆய்வாளரும் அவர் மனைவி டோரத்தியும் 1936-37இல் அகழ்வாய்வு செய்தார்கள். கண்டெடுத்த பழைய கோயில் எச்சங்களுக்கு வரிசையாக எண் கொடுத்தார்கள். மலாயில் இவற்றைச் 'சண்டி' என்பார்கள். அவற்றில் 11ஆம் எண் சண்டி சுங்கை பத்து தோட்டப் பகுதியில், தனியார் நிலத்தில் இருந்தது. 2013 இறுதியில், வீடமைப்புக்காக நிலத்தைச் சமப்படுத்தியதில் அது தரைமட்டமானது. அந்த இடம் மரபுடைமையாக அரசிதழில் பதிவாகவில்லை என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்கு எண் இருந்தது, ஆய்வறிக்கை இருந்தது, அறிஞர்கள் எழுதியும் இருந்தார்கள். அதற்கே இந்தக் கதி என்றால், எண்ணே இல்லாத நம் தோட்டத்துக் கட்டடங்கள் எம்மாத்திரம்?

சுங்கைப்பட்டாணி மணிக்கூண்டை எல்லாரும் படம் எடுக்கிறோம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளிவிழா நினைவாக, ரப்பர் தோட்ட முதலாளி லிம் லியன் தெங் கொடுத்த கொடை அது, 1936இல் எழுந்தது. அழகான கட்டடம்தான், எடுங்கள். ஆனால் அந்தக் காலத்து ரப்பர் பணத்துக்காக விடியுமுன் எழுந்து மரம் சீவியவர்கள் குடியிருந்த லயத்தை யார் எடுக்கிறார்கள்? ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் இப்போது தாமான் வருகிறது. லயம் சத்தமில்லாமல் காணாமல் போகிறது.

கட்டடத்தை மட்டும் எடுத்தால் போதாது. கொஞ்சம் தள்ளி நின்று, சுற்றுப்புறத்தோடு சேர்த்து ஒரு படம் எடுங்கள். பெரும்பாலான தோட்டங்களில் துரை பங்களா மேட்டில் இருக்கும்; கிராணி வீடு தனியாக இருக்கும்; லயம் பள்ளத்தில் வரிசையாக நிற்கும். யார் யாரைப் பார்த்து அண்ணாந்தார்கள் என்பது அந்த ஒரே படத்தில் தெரிந்துவிடும். பாடநூலில் இதை ஒரு பக்கம் விளக்க வேண்டியிருக்கும்.

யாருமே எடுக்காத இன்னொரு கட்டடம் உண்டு: கள்ளுக்கடை. வெட்கப்பட்டு விட்டுவிடுகிறோம் போல. உண்மையில் கெடா தமிழரின் போராட்ட வரலாறு அந்த வாசலில்தான் நடந்தது. போர் முடிந்த பிறகு, 1946-47இல், பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை திரண்டது. குடியால் குடும்பம் அழிகிறது என்று கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். 1947இல் பீடோங்கில் போலீசோடு மோதல் மூண்டு, ஒரு தொழிலாளி உயிரிழந்தார். சம்பளத்தை வாங்கிக்கொண்டு மறுபடி அதே நிர்வாகத்தின் இடத்தில் குடித்துத் தீர்க்க மாட்டோம் என்று கூலிக்காரர்கள் சொன்னது, என் பார்வையில், சம்பள உயர்வு கேட்டதைவிடப் பெரிய துணிச்சல். உங்கள் தோட்டத்தில் பழைய கள்ளுக்கடை இன்னும் நின்றால், முதல் படம் அதுவாக இருக்கட்டும்.

எடுக்கும் முறை ரொம்ப சுலபங்க. கைப்பேசி போதும். நிர்வாகத்திடம் முதலில் அனுமதி கேளுங்கள். நான்கு பக்கமும் எடுங்கள். சுவரோரம் ஒருவரை நிறுத்தினால் உயரம் புரியும். கூரை, படி, வாய்க்கால், தண்ணீர்க் குழாய், கதவில் எழுதிய எண் இவற்றைக் கிட்டத்தில் எடுங்கள். தோட்டத்தின் பெயர், டிவிஷன், தேதி மூன்றையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். அடுத்த வாரம் பார்த்தால் எல்லா லயமும் ஒன்றுபோலத்தான் தெரியும். அங்கே இருக்கும் பாட்டியிடம் பேச்சுக் கொடுங்கள். "இது என்ன கொட்டகை பாட்டி?" என்று கேட்டால், ஆயாக் கொட்டகையா, பழைய பள்ளிக்கூடமா என்று அவர் சொல்லிவிடுவார். அவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

கட்டடம் ஏற்கெனவே இடிந்துபோயிருந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள். செம்பனைக்கு நடுவே சிமெண்டுத் தரையோ, இரண்டு படியோ கிடக்கும். அவற்றை எடுங்கள். பக்கத்திலேயே முருங்கையும் மாமரமும் வரிசையாக நின்றால் அதையும் எடுங்கள். வாசல்கள் இருந்த இடம் அதுதான்.