மூன்று தொட்டி, ஒரே குழாய்

இந்த வரலாற்றின் நாயகன் ஒரு நகைச்சுவை. அதற்கு வசனம் கிடையாது; பின்னணியில் யாரும் சிரிப்பதும் கிடையாது. 1993 பிப்ரவரி 18, வியாழக்கிழமை இரவு, அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் ஒரு காட்சியில் அது சில விநாடி தலைகாட்டிவிட்டுப் போனது.

அந்த எபிசோடின் பெயர் 'டஃப்லெஸ்'. நான்காம் சீசனைச் சேர்ந்தது. எழுதியவர் டேவிட் எம். ஸ்டெர்ன், இயக்கியவர் ஜிம் ரியர்டன். குடும்பத் தலைவன் ஹோமர் தன் குடிகார நண்பன் பார்னியைக் கூட்டிக்கொண்டு டஃப் பீர் ஆலையைச் சுற்றிப் பார்க்கப் போகிறான். அங்கே மூன்று பெரிய தொட்டிகள். ஒன்றில் டஃப், ஒன்றில் டஃப் லைட், ஒன்றில் டஃப் டிரை. மூன்றும் வெவ்வேறு சரக்கு என்றுதான் விளம்பரம். ஆனால் தொட்டிகளுக்கு மேலே பார்த்தால் ஒரே குழாய்தான் பிரிந்து மூன்றையும் நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அவ்வளவுதான். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, ஹோமர் அண்ணாந்து பார்க்கவும் இல்லை, கதை தன் போக்கில் நகர்ந்துவிடுகிறது. அதே ஆலையில் பாட்டில்களைச் சோதிக்கும் ஊழியர் ஒருவர் எலி கிடக்கும் பாட்டிலையும் ஊசி கிடக்கும் பாட்டிலையும் கவனமாக எடுத்து ஒதுக்குகிறார். பார்வையாளர்களிடம் பேச்சுக் கொடுக்கும் நேரத்தில் ஹிட்லரின் தலை மிதக்கும் பாட்டில் அவரைத் தாண்டிப் போய்விடுகிறது. அதையும் கண்ணில் பட்டவர்கள்தான் சிரிக்க வேண்டும்.

அந்தச் சில விநாடிகளைத் திரைக்குக் கொண்டுவர ஒரு ஊரே வேலை செய்தது. சிம்ப்சன்ஸ் கதை ஒருவர் கையிலிருந்து அப்படியே வெளியே போவதில்லை. ஒருவர் முதல் படியை எழுதிக் கொடுப்பார். பிறகு எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து அதை வரி வரியாகப் பிரித்து மேய்வார்கள். நடிகர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிப்பார்கள். எங்கே சிரிப்பு வரவில்லையோ அங்கே மறுபடி பேனா இறங்கும். குரல் பதிவு முடிந்ததும் லாஸ் ஏஞ்சலிஸ் ஓவியர்கள் பென்சில் கோடுகளில் காட்சிகளை அமைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு எழுத்தறை இன்னொரு முறை திருத்தும். பிறகு எல்லாம் தென்கொரியாவுக்குப் போகும். அன்று அங்கே அசைவுகளை நிரப்பி, ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாள்களின் பின்பக்கத்தில் கையால் வண்ணம் பூசி, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். ஒரு எபிசோடு முடிய ஆறு முதல் ஒன்பது மாதம் ஆகும். இத்தனை பேர் கை மாறியும் அந்தக் குழாயைப் பற்றி ஒரு வசனம் சேர்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அது நிற்கவில்லை. தொடரின் அன்றைய தரத்துக்கு நான் காட்டும் முதல் சாட்சி இதுதான்.

அப்படி எழுத அவர்களுக்கு இடம் இருந்தது. 1987-இல் 'தி டிரேசி உல்மன் ஷோ'வில் குட்டிக் குட்டித் துண்டுகளாகத் தொடங்கி, 1989 டிசம்பர் 17-இல் அரைமணி நேரத் தொடராக வளர்ந்தது சிம்ப்சன்ஸ். உருவாக்கியவர் மேட் க்ரோனிங். தயாரிப்பாளர் ஜேம்ஸ் எல். புரூக்ஸ், எழுத்தில் தொலைக்காட்சி நிறுவனம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார். எழுத்தறையைக் கட்டியெழுப்பியவர் சாம் சைமன். அங்கே ஜார்ஜ் மேயர், ஜான் ஸ்வார்ட்ஸ்வெல்டர், ஜான் விட்டி, ஆல் ஜீன், மைக் ரீஸ் என்று ஒரு கூட்டம் இருந்தது. 'டஃப்லெஸ்' வந்ததற்கு ஒரு மாதம் முன்புதான் கோனன் ஓ'பிரையன் எழுதிய மோனோரயில் எபிசோடு வந்தது. மேலிடத்திலிருந்து 'இது ஜனங்களுக்குப் புரியாது' என்று சொல்ல ஆள் இல்லை. ஆகவே புரிந்துகொள்வார்கள் என்றே எழுதினார்கள்.

ஜனங்களும் புரிந்துகொண்டார்கள். வீட்டுக்கு வீடு விசிஆர் இருந்த காலம். பதிவு செய்து வைத்து, நிறுத்தி, பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பார்கள் என்று தெரிந்தே கடைப் பலகைகளிலும் செய்தித்தாள் தலைப்புகளிலும் சர்ச் வாசல் அறிவிப்புகளிலும் நகைச்சுவையைப் புதைத்து வைத்தார்கள் எழுத்தாளர்கள். 1994 முதல் உள்ளூர் நிலையங்களில் மறுஒளிபரப்பு தினமும் வரத் தொடங்கியது. ஒரே எபிசோடைப் பலமுறை பார்த்தவர்கள் குழாயைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர் அடுத்தவருக்குக் காட்டினார். எந்தக் காட்சியில் என்ன ஒளிந்திருக்கிறது என்று தேடுவதே ஒரு பழக்கமாயிற்று. இன்று தொடரைத் திட்டித் தீர்க்கும் ரசிகரை உருவாக்கியது இந்தப் பழக்கம்தான். கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, கொஞ்சம் மேலோட்டமாகப் பாருங்களேன் என்று பிறகு கேட்க முடியுமா?

ஆனால் எழுத்தறை காலியாகத் தொடங்கியது. சாம் சைமன் 1993-இல் விலகினார். அதே ஆண்டு ஓ'பிரையன் இரவு நிகழ்ச்சி நடத்தப் போனார். கிரெக் டேனியல்ஸ் 'கிங் ஆஃப் தி ஹில்' தொடங்கினார். டேவிட் கோஹன் க்ரோனிங்குடன் சேர்ந்து 'ஃப்யூச்சுராமா'வுக்குப் போனார். இயக்கத்துக்கு வழிகாட்டிய பிராட் பேர்ட் முழுநீளப் படங்களுக்கு நகர்ந்தார். வெளியே போனவர்களும் சிம்ப்சன்ஸைப் பார்த்து வளர்ந்தவர்களும் செய்த தொடர்கள் இதற்கே போட்டியாக வந்து நின்றன. உள்ளே வந்தவர்கள் திறமையில் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் முந்தைய கூட்டம் அமெரிக்கக் குடும்பத்தையும் தொலைக்காட்சியையும் பார்த்துக் கேலி செய்தது. பிந்தையதற்கு சிம்ப்சன்ஸே ஒரு பாடப்புத்தகமாக முன்னால் இருந்தது. அரைத்த மாவையே அரைக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டின் வேர் இங்கே இருக்கிறது.

பாத்திரங்களுக்கு வயது ஏறாததும் வினையாயிற்று. ஹோமரின் மகன் பார்ட்டுக்கு 1989-இலும் பத்து வயது, இன்றும் பத்து வயது. வளர்ச்சி இல்லாத வாழ்க்கையில் நிகழ்ச்சிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதன்பிறகு ஹோமருக்கு வேலை மாற்றம், வெளிநாட்டுப் பயணம், பிரபலங்களின் சகவாசம் என்று புறத்திலிருந்துதான் கதை பிடிக்க வேண்டும். ஹோமரும் மாறினான். 'டஃப்லெஸ்'ஸில் அவன் குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டு லைசென்ஸை இழக்கிறான். மனைவி மார்ஜ் கேட்டுக்கொண்டதால் ஒரு மாதம் பீரைத் தொடாமல் இருக்கிறான். மாதம் முடிந்த கையோடு மதுக்கடைக்கு ஓடியவன், சுற்றி உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டுக் கோப்பையைத் தொடாமல் எழுந்து, மார்ஜோடு சைக்கிளில் போய்விடுகிறான். மடையன்தான், ஆனால் வீட்டை நேசிக்கிற மடையன். பிற்காலத்து ஹோமர் அடிபட்டாலும் வலிக்காதவன், அடுத்தவருக்கு வலித்தாலும் கண்டுகொள்ளாதவன் என்பது ரசிகர்களின் நீண்டநாள் புலம்பல்.

எழுத்தறைக்கும் இந்தப் புலம்பல் கேட்டது. 1997 பிப்ரவரி 9-இல் கோஹன் எழுதிய 'பூச்சி' எபிசோடு அதற்குச் சொன்ன பதில். தொடருக்குள் வரும் பூனை-எலி கார்ட்டூனுக்கு மவுசு குறைகிறது. முதலாளிகள் பூச்சி என்ற 'நவநாகரிக' நாயைச் சேர்க்கிறார்கள், அது படுதோல்வி. காமிக்ஸ் கடைக்காரர் இதுவரை வந்ததிலேயே மோசமான எபிசோடு இதுதான் என்று தீர்ப்பளிக்கிறார். கார்ட்டூன் எடுப்பவர்கள் இலவசமாக ஆயிரக்கணக்கான மணிநேரம் சிரிக்க வைத்திருக்கிறார்கள், உங்களுக்கு என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்று பார்ட் திருப்பிக் கேட்கிறான். சேனல் முதலாளிகளுக்கும் குத்து, ரசிகர்களுக்கும் குத்து. இரண்டு பக்கமும் சரிசமமாக விழுந்ததால் அது இன்றும் நிற்கிறது.

அதே ஆண்டு செப்டம்பர் 28-இல் வந்தது வேறு ரகம். எட்டு ஆண்டுகளாக நாம் பார்த்த தலைமை ஆசிரியர் ஸ்கின்னர் உண்மையில் ஸ்கின்னரே அல்ல, வேறொருவருடைய பெயரில் வாழ்ந்தவர் என்று அறிவித்தது கென் கீலர் எழுதிய எபிசோடு. முடிவில் ஊர் நீதிபதி இனி இதைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று ஆணையிடுகிறார். ஸ்கின்னருக்குக் குரல் கொடுத்த ஹாரி ஷியரரே இதை வெளிப்படையாகக் குறை சொன்னார். 2000 பிப்ரவரியில் குடும்பத்துக்கு ஒரு குதிரை வந்து சேர்ந்தபோது, காமிக்ஸ் கடைக்காரர் குறுக்கே வந்து இவர்களிடம் ஏற்கெனவே ஒரு குதிரை இருந்ததே என்று ஞாபகப்படுத்துகிறார். 1991-இல் வந்த கதை அது. அவருடைய சட்டையிலும் மோசமான எபிசோடு என்ற அதே தீர்ப்புதான் அச்சாகியிருந்தது. பழசைத் திரும்பச் செய்கிறோம் என்று எழுத்தாளர்களே சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். சொல்லிவிட்டால் பிழை பிழையில்லாமல் போய்விடுமா? 2008-இல் ஹோமர், மார்ஜ் இருவரின் காதல் காலத்தைத் தொண்ணூறுகளுக்கு நகர்த்தியபோது, அவர்கள் 1974-இல் பள்ளியில் சந்தித்த கதையை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

இந்த வீழ்ச்சியை ஒரே பார்வையில் காட்ட இரண்டு எபிசோடுகள் போதும். 1991 ஏப்ரல் 25-இல் வந்தது ஜான் விட்டி எழுதிய 'லிசாஸ் சப்ஸ்டிடியூட்'. தனிமையில் வாடும் ஹோமரின் மகள் லிசாவுக்குத் தற்காலிக ஆசிரியர் ஒருவர் ஆதரவாகிறார். வேலை முடிந்து அவர் ரயிலேறும்போது, மனம் உடைந்து நிற்கும் சிறுமியின் கையில் ஒரு சீட்டைக் கொடுக்கிறார். அதில் அவளுடைய பெயரைச் சொல்லி, அவள் அவளேதான் என்ற ஒரு வரி, வேறெதுவும் இல்லை. ஆசிரியருக்குக் குரல் கொடுத்தவர் டஸ்டின் ஹாஃப்மன், அதுவும் புனைபெயரில். 2012 மே மாதம் வந்தது 'லிசா கோஸ் காகா'. அதே தனிமை, அதே லிசா, இங்கேயும் ஒரு ரயில். இறங்குபவர் லேடி காகா, லேடி காகாவாகவே. உன்னை நீ நேசி என்று ஊருக்கும் லிசாவுக்கும் பேச்சாலும் பாட்டாலும் போதித்துவிட்டுப் போகிறார். முதலாவதில் பார்ப்பவர் தானாக உணர்ந்துகொள்ள வேண்டியதை இரண்டாவதில் வாயில் ஊட்டிவிட்டார்கள். புதிய எபிசோடுகளில் சிரிப்பே இல்லை என்பதைவிட, எங்களை நம்பி எதையும் விட்டுவைப்பதில்லை என்பதுதான் நெடுநாள் ரசிகரின் உண்மையான குறை. ஆசிரியர் கொடுத்த சீட்டும் ஆலையின் குழாயும் ஒரே கைப்பழக்கத்தில் பிறந்தவை.

குழாய்க்கும் ஒரு கண்டம் காத்திருந்தது. 2009 பிப்ரவரியில் தொடர் அகலத்திரைக்கு மாறியது. அதற்கு முந்தைய இருபது ஆண்டு எபிசோடுகள் பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் நான்குக்கு மூன்று அளவில் வரையப்பட்டவை. 2014 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்எக்ஸ் சேனல் அதுவரை வந்த 552 எபிசோடுகளையும் பன்னிரண்டு நாள் இடைவிடாமல் ஒளிபரப்பியபோது, அகலத்திரையை நிரப்புவதற்காகப் பழைய படங்களின் தலையையும் காலையும் நறுக்கிவிட்டது. ரசிகர்கள் கத்தியபிறகு, அந்த நிறுவனத்தின் இணையச் சேவையில் பழைய அளவிலும் பார்க்க வழி செய்தார்கள். 2019-இல் டிஸ்னி 'ட்வென்டி ஃபர்ஸ்ட் செஞ்சுரி ஃபாக்ஸ்' நிறுவனத்தை வாங்கியது; ஃபாக்ஸ் தொலைக்காட்சி மட்டும் தனியே நின்றது. நவம்பர் 12-இல் டிஸ்னி பிளஸ் வந்தது. நறுக்கிய படங்களே மறுபடி ஏறின. அப்போது இணையம் முழுக்கச் சுற்றிய படம் 'டஃப்லெஸ்' காட்சிதான். அருகருகே இரண்டு சட்டங்கள். பழையதில் மூன்று தொட்டியும் மேலே குழாயும். புதியதில் வெறும் மூன்று தொட்டி. நகைச்சுவை இருந்த இடத்தில் பீர் ஆலை மட்டும் இருந்தது. சிம்ப்சன்ஸையே பார்க்காதவர்களுக்கும் என்ன தொலைந்தது என்று அந்த ஒரு ஜோடிப் படம் விளக்கிவிட்டது.

2020 மே 28-இல் டிஸ்னி பழைய அளவைத் திரும்பக் கொடுத்தது. பார்ப்பவரே தேர்ந்தெடுக்க ஒரு பொத்தான் வைத்தார்கள். இருபத்தேழு வயதில் குழாய் வீடு திரும்பியது. பணத்தையும் ஆள்பலத்தையும் செலவழித்து ஒரு பெருநிறுவனம் காப்பாற்றியது, யாரும் வாய்திறந்து சொல்லாத ஒரு நகைச்சுவையை. சமீபத்து எபிசோடு ஒன்றின் மேல்பகுதி நறுக்கப்பட்டிருந்தால் இத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்களா என்பது சங்கடமான கேள்வி.

அதற்காகப் பின்னாளில் வந்ததெல்லாம் குப்பை என்று தள்ளுவது நியாயமில்லை. 2011-இல் வந்த 'ஹாலிடேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' முப்பது ஆண்டு தாண்டிய எதிர்காலத்தில் பார்ட், லிசா இருவரையும் பெற்றோராகக் காட்டி, வயதேறாத சாபத்தையே ஒரு நல்ல கதையாக்கியது. 2021-க்குப் பிறகு மேட் செல்மன் கூடுதல் பொறுப்பேற்ற சீசன்களில் கதை சொல்லும் விதத்திலேயே துணிச்சல் திரும்பியிருப்பதாக விமர்சகர்கள் பலர் எழுதுகிறார்கள். 2025 ஏப்ரலில் ஃபாக்ஸ் மேலும் நான்கு சீசன்களுக்கு உத்தரவு கொடுத்தது. நாற்பதாவது சீசன் வரை பாதை போட்டாயிற்று.

ஆனால் போட்டி மாறிவிட்டது. முன்பெல்லாம் புது எபிசோடு அன்றிரவு மற்ற சேனல்களில் வந்தவற்றோடு மட்டும் மோதினால் போதும்; பழசு நினைவில்தான் இருந்தது, நினைவு தேய்ந்துவிடும். இப்போது எல்லாச் சீசன்களும் ஒரே திரையில் வரிசையாக நிற்கின்றன, ஒரே சந்தாவுக்கு. இந்த வாரம் வந்ததைப் பார்த்துச் சலித்த பதினைந்து வயதுப் பையன் இரண்டு விரல் தள்ளினால் நான்காம் சீசனுக்குப் போய்விடுகிறான். அவனுக்கு 1993 மீது ஏக்கம் எதுவும் கிடையாது. அப்போது அவன் பிறக்கவே இல்லை. பழசுதான் நல்லா இருக்கு என்று அவன் சொன்னால், அதைக் கிழடுகளின் புலம்பல் என்று ஒதுக்க எழுத்தறைக்கு வழியில்லை.