துணிந்த திறப்பும் திருந்திய காப்பும்

1995 செப்டம்பர் 26. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 107ஆவது மாடி. உலகப் பட்டத்துக்கான போட்டியில் கேரி காஸ்பரோவும் விஸ்வநாதன் ஆனந்தும் பத்தாவது ஆட்டத்துக்கு அமர்ந்தார்கள். முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. முந்தைய நாள் ஒன்பதாவதில் ஆனந்த் வென்றிருந்தார். 25 வயதுச் சென்னை இளைஞர் ஒருவர் காஸ்பரோவை முந்தி நின்றார்.

பத்தாவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்புக் காய்கள். அவர் தேர்ந்தெடுத்தது ‘ஓப்பன் ஸ்பானிஷ்’ என்னும் திறப்பு. ஐந்தாவது நகர்த்தலிலேயே கறுப்புக் குதிரை பலகையின் நடுவில் உள்ள வெள்ளைச் சிப்பாயை வெட்டிவிடும். காய்களுக்கு வழி திறக்கும். ஆனால் கறுப்பு ராஜா கோட்டை கட்டாமல் நடுவிலேயே நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட துணிச்சல் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் காஞ்சியைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன் கைப்பற்றியதைக் கத்வால் செப்பேடு சொல்கிறது. காஞ்சியை அடுத்த கூரத்தின் செப்பேடோ, பல லட்சம் படையோடு வந்த அந்த விக்கிரமாதித்தனையே பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் ஓடவிட்டான் என்கிறது. ராஜா ஆபத்தில் இருந்தாலும் எதிர்த்தாக்குதலால் மீளலாம் என்ற அந்த நம்பிக்கைதான் இந்தத் திறப்பின் உயிர்.

இதை உடைக்க ஒரு கூரிய வழியைச் சோவியத் பயிற்சியாளர் இகோர் ஜெய்ட்சேவ் கண்டுபிடித்திருந்தார். பதினொன்றாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை, கறுப்பு ராணி எளிதாக வெட்டக்கூடிய கட்டத்துக்கே பாயும். வெட்டினால், வெள்ளை ராணி வெளியே வந்து ஒரே வேளையில் இரண்டு இடங்களைக் குறிவைக்கும். 1978இல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் சாம்பியன் கார்போவ் இதைத் தன் சவாலாளர் கோர்ச்னாய்க்கு எதிராக ஆடினார்; கோர்ச்னாய் தாக்குப்பிடித்து டிரா செய்தார்.

1995 போட்டியின் ஆறாவது ஆட்டத்திலும் காஸ்பரோவ் அதே குதிரையைப் பாய்ச்சினார். ஆனந்த் சமாளித்தார், டிரா. பத்தாவதில் இருவரும் அதே பாதையில் பதின்மூன்று நகர்த்தல்கள் வரை வந்தார்கள். பதினான்காவதில் காஸ்பரோவ் பாதை மாறினார். பிஷப்பைப் பின்னிழுத்துக் கறுப்பு ராணியைத் தாக்கினார். அடுத்து, மூலையில் இருந்த தன் யானையையே பலிகொடுத்தார். இந்த யோசனையின் வேர் முன்னாள் சாம்பியன் மிகைல் தாலுடையது. காஸ்பரோவ் வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வந்திருந்தார். ஆனந்தோ பலகையின் முன் அமர்ந்து அதை முதல்முறையாக அவிழ்க்க வேண்டியிருந்தது. அவருடைய ராணி யானையை வெட்டி மூலையில் ஒதுங்க, ராஜா நடுவில் தனித்து நின்றது. 38ஆவது நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பத்தாவதிலிருந்து பதினான்காவது வரையிலான ஐந்து ஆட்டங்களில் நான்கைக் காஸ்பரோவ் வென்றார். இறுதிக் கணக்கு 10½–7½.

ஆபத்தான திறப்பை ஆடியதால் ஆனந்த் தோற்றார் என்று நான் ஏற்கமாட்டேன். ஆறாவது ஆட்டத்தில் அந்தத் திறப்பு அவரைக் காப்பாற்றியது. எதிராளிக்குத் திருத்தம் தேட ஒரு வாரம் கிடைத்த பிறகும் அதே பாதையில் போனதுதான் விலை வாங்கியது.

இதற்கான சான்று 2008இல் ஜெர்மனியின் பான் நகரில் கிடைத்தது. அதற்குள் உலகச் சாம்பியனாகியிருந்த ஆனந்த், காஸ்பரோவை 2000இல் வீழ்த்திய கிராம்னிக்கிடமிருந்து பட்டத்தைக் காத்த போட்டி அது. மூன்றாவது ஆட்டத்தில், கறுப்புக் காய்களோடு, ‘மெரான்’ என்னும் இன்னொரு கூரிய திறப்பை ஆடினார். ராஜாவின் பக்கத்துச் சிப்பாய் அரணே சிதைந்தது. அப்படித் திறந்த வரிசையில் தன் யானையை நிறுத்தி எதிராளியின் ராஜாவைத் தாக்கி வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் கிராம்னிக் துணிந்து அதே பாதைக்கு வந்தார். இம்முறை பதினைந்தாவது நகர்த்தலில் பாதையை முதலில் மாற்றியவர் ஆனந்த். கிராம்னிக் திருத்தம் ஏதும் தயாரித்து வந்திருந்தாலும், அது பலகைக்கு வரும் முன்பே ஆட்டம் வேறு திசையில் திரும்பிவிட்டது. மீண்டும் கறுப்புக்கே வெற்றி. பட்டம் 6½–4½ என்ற கணக்கில் ஆனந்திடமே நிலைத்தது.

நியூயார்க்கில் காஸ்பரோவ் செய்ததைப் பானில் ஆனந்த் செய்தார். இன்று தமிழகத்தின் ஊர் ஊராகச் சதுரங்க வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இந்த இரண்டு போட்டிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். கூரிய திறப்பை ஆடப் பயப்பட வேண்டாம். நேற்று நம்மைக் காப்பாற்றிய நகர்த்தலை இன்று இரவே எதிராளியின் கண்ணால் ஆராய்ந்து, அவர் கண்டுபிடிக்கப் போகும் ஓட்டையை நாமே முதலில் அடைக்க வேண்டும். துணிச்சலான திறப்புக்கு அதுவே உறுதியான காப்பு.