வாகை சூடாதவள்

ஹைட்ரியா என்பது கிரேக்கரின் தண்ணீர்க் குடம். தென் இத்தாலியின் ரூவோவில் கிடைத்த, கி.மு. 5ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் ஹைட்ரியா ஒன்றில் ஒரு பட்டறைக் காட்சி இருக்கிறது. ஆண்கள் மூவர் வேலையில் இருக்க, அதீனாவும் இரு வெற்றித் தேவதைகளும் அவர்களுக்கு மாலை சூட்ட வருகிறார்கள். வலது ஓரத்தில் ஒரு பெண், பெரிய கலமொன்றின் கைப்பிடிக்கு ஓவியம் தீட்டுகிறாள். அவளிடம் யாரும் வரவில்லை. அது உலோகப் பட்டறை என்போரும் உண்டு. எதுவானாலும் அவள் அங்கே உழைக்கிறாள்.

இந்தக் குடத்தை மாணவிகளுக்கு விளக்குவதைவிட வரையச் சொல்வது மேல். செவ்வுருவ முறையில் உருவத்துக்கு நிறம் பூசுவதில்லை; சுற்றிலும் கறுப்பை நிரப்ப, மண்ணின் நிறத்திலேயே உருவம் எழும். செம்பழுப்புத் தாளில் அப்படி வரைபவள் ஓரத்தை விட்டுவிட முடியாது. அந்தப் பெண்ணைச் சுற்றியும் கறுப்பு நிரப்பியாக வேண்டும். மாலை நீட்டும் கை அவளருகே இல்லை என்பதை அப்போது அவள் விரல்களே கண்டுகொள்ளும்.

ஏதென்ஸ் கலங்களில் பெரும்பாலானவற்றில் கையொப்பம் இல்லை. பெயரில்லாத கையை ஆணின் கை என்றே ஏன் எண்ணிக்கொள்கிறோம்?